மாதாவுக்கு நேர்ந்த ஹெலிகாப்டர்

அத்தியாயம் 9

அல்போன்சம்மாள் இன்னும் அழவில்லை.

அற்புதராஜ் போய்ச் சேர்ந்து பதினான்கு வாரம் ஆகிவிட்டது. சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்கு மின்சாரம் பார்த்த மனிதர். ஒரு வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது, ஒரு கால் சப்பாத்துக் கயிற்றை மட்டும் கட்டிய நிலையில் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். அடக்கத்துக்கு வந்த கூட்டம் அழுதது. மகள் உர்சுலா அழுதாள். தம்பி அந்தோனி சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அல்போன்சம்மாள் மட்டும் வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல் பிடுங்குவதற்கு முன் போடுகிற ஊசி மாதிரி ஏதோ ஒன்று அன்றைக்கு அவளுக்குள் இறங்கியது. இன்னும் தெளியவில்லை. காலாங் தையல் ஆலைக்குப் போகிறாள். ஒரு நாளைக்கு நூற்றிருபது சட்டைக் காலர் தைக்கிறாள். தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். குழம்பில் உப்புப் போட்டோமா என்பது சாப்பிடும்போதுகூடத் தெரிவதில்லை.

அற்புதராஜ் விட்டுப் போனவை இரண்டு. ஒன்று, ஜப்பான் கப்பல் மாலுமி ஒருவர் மூலம் வரவழைத்த, பேட்டரியில் பறக்கும் சின்ன ஹெலிகாப்டர். இன்னொன்று, ஒரு நேர்ச்சை. மாதா திருவிழாவன்று தேர் புறப்படுவதற்கு முன், பங்கு மண்டபத்தில் மாதா சுரூபத்துக்கு மேலே அந்த ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டு ரோஜா இதழ் தூவுவதாக நேர்ந்திருந்தார். அதைப் பங்கு மக்களில் பாதிப் பேரிடம் சொல்லியும் வைத்திருந்தார். எதற்காக என்று மட்டும் சொல்லவில்லை. போன வருடம் உர்சுலாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அது நல்லபடியாக முடிந்ததற்குத்தான் இருக்கும் என்று அல்போன்சம்மாளாகவே நினைத்துக்கொண்டாள்.

“நேர்ந்தவரே இல்ல, மாதா மன்னிச்சுக்குவாங்க. வெள்ளியில சின்னதா ஒரு ஹெலிகாப்டர் செஞ்சு பீடத்துல வெச்சிடுங்க” என்றார்கள் சபைப் பெண்கள். அல்போன்சம்மாள் கேட்டுக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டாள்.

இது ஏழாவது சனிக்கிழமை. திருவிழாவுக்கு இன்னும் எட்டு நாள்.

இன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பங்குப் பேரவைச் செயலாளர் இயேசுதாசன் வருவார். தரையில் குறித்த கட்டத்துக்குள் ஹெலிகாப்டர் முழுசாக ஒரு நிமிடம் அந்தரத்தில் நின்றால் அனுமதி. நிற்காவிட்டால் நேர்ச்சை அத்தோடு சரி. “கூட்டத்துல யார் தலையிலயாவது விழுந்தா பதில் சொல்ல வேண்டியவன் நான்” என்று ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

*

“அண்ணி, ஃபேனை ஆஃப் பண்ணிட்டேன். ஜன்னல் எல்லாம் சாத்திட்டேன். இனிமே நாம ரெண்டு பேரும் ஆவியில வேகுற பாவ் ரொட்டிதான்.”

அந்தோனி நெற்றி வியர்வையைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். தொலைபேசிக் கம்பி பழுது பார்ப்பவன். நாற்பது வயதாகியும் கையிலும் வாயிலும் அவசரம் போகவில்லை. முதல் சனிக்கிழமை அவன்தான் ஓட்டிப் பார்த்தான். மூன்றாவது வினாடி சுவர். இறக்கை இரண்டும் தெறித்துப்போயின. “காத்துல ஏதோ கோளாறு” என்றான், காற்றே இல்லாத மண்டபத்தில்.

ஹெலிகாப்டர் ஓட்டப் பழகுகிறவர்கள் எல்லாருமே செய்கிற தவறுதான் அது. இடப்பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்தால் பதறிப்போய் வலப்பக்கம் ஒரு முழம் தள்ளுவார்கள். அது வலப்பக்கம் பாயும். இன்னும் பதறி இடப்பக்கம் இரண்டு முழம் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு தரையோ சுவரோ, எது முதலில் வருகிறதோ அது.

அல்போன்சம்மாளுக்குப் பதற்றம் வரவில்லை. விழுந்தால் விழட்டும் என்றுகூட அவள் நினைப்பதில்லை. நகர்ந்தால் கன்ட்ரோல் பெட்டியின் குச்சியை அரிசி மணி அளவுக்குத் தள்ளுவாள். பிறகு காத்திருப்பாள். இயந்திரம் யோசித்துத் திரும்பி வரும்.

முதல் இரண்டு வாரம் அதைத் தரையில்தான் சறுக்க விட்டாள். குறுக்காகக் கட்டிய இரண்டு பிரம்பு, நான்கு முனையிலும் பிங்பாங் பந்து. அந்தக் கால்களோடு அது மண்டபம் முழுக்கத் தவழ்ந்தது. மூன்றாவது வாரம் ஒரு சாண் எழுந்தது. நான்காவதில் முழங்கால் உயரம். வாலைத் தன் பக்கம் வைத்துப் பின்னால் நின்றுதான் ஓட்டுவாள். முகம் இவள் பக்கம் திரும்பினால் இடம் வலமாகிவிடும். பேட்டரி நான்கு நிமிடம் தாங்கும். மறுபடி ஏற்ற ஒரு மணி நேரம். இருப்பது இரண்டு பேட்டரி.

“உங்க கையில நரம்பே இல்லையா அண்ணி?” என்று போன வாரம் அந்தோனி கேட்டான். புகழ்ச்சியாகத்தான் கேட்டான். இல்லை போலிருக்கிறது என்று அவள் உண்மையாகவே பதில் சொன்னாள்.

இன்றைக்கு ஆரம்பமே சரியில்லை.

மண்டபத் தரையில் வரைந்திருந்த பேட்மின்டன் மைதானத்தின் சர்வீஸ் கட்டம்தான் குறித்த கட்டம். நடுவில் வைத்து, இடது கட்டைவிரலால் மெல்ல ஏற்றினாள். இறக்கை சுழன்றது, பந்துகள் தரையை விட்டன. உடனே ஹெலிகாப்டர் மூக்கை நிமிர்த்திக்கொண்டு பின்வாங்கி, நேராக அவள் காலடிக்கு வந்தது.

இறக்கினாள். மறுபடி வைத்தாள். மறுபடியும் பின்வாங்கியது.

“முன்னால தள்ளுங்க!”

“தள்ளிட்டுத்தான் இருக்கேன்.”

“எங்கேயோ காத்து வருது.” அந்தோனி பீடத்துப் பக்கம் ஓடி ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து பற்றவைத்து, ஜன்னல் ஜன்னலாகப் பிடித்தான். சுடர் அசையவில்லை. கன்ட்ரோல் பெட்டியைத் திருகினான். இறக்கை ஆணியை முடுக்கினான். பேட்டரி தீர்ந்ததுதான் மிச்சம். மணி பதினொன்றரை.

கடைசியில் ஹெலிகாப்டரை இறக்கைத் தண்டின் உச்சியில் இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டான். தராசு மாதிரி நேராக நிற்க வேண்டியது, வால் பக்கம் கீழே சரிந்தது.

“வால் கனக்குது.”

“எதனால?”

“மெடல்தான். வேற என்ன இருக்கு?”

வாலின் நுனியில், ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு பித்தளை மாதா மெடல், வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. இருவரும் காலையிலேயே பார்த்ததுதான்.

“அது நீ கட்டினது இல்லையா?” என்றாள் அல்போன்சம்மாள்.

“நானா? நீங்க கட்டினதுன்னுல்ல நான் முத்தி பண்ணிட்டு வெச்சேன்!”

“நான் ஆனி கட்டியிருப்பான்னு நெனச்சு முத்தி பண்ணினேன்.”

“என் பொண்டாட்டி காய்கறி நறுக்கவே ஆள் தேடுறவ. அவளா வந்து கட்டுவா?”

பெட்டியைத் திறந்ததும் இருவரும் தனித்தனியாக அதைத் தொட்டு, உதட்டில் வைத்து முத்தி செய்து, நெற்றியில் சிலுவை போட்டு, அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் காற்றைத் தேடியிருக்கிறார்கள். மாதாவைச் சந்தேகிக்க இருவருக்குமே மனம் வரவில்லை.

“நான்தான் கட்டினேன்” என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

உர்சுலா. வங்கியிலிருந்து பாதியில் புறப்பட்டு வந்திருக்கிறாள். அலுவலகப் புடவை கலையவில்லை. ஒரு கையில் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பைகளில் சூடான கோப்பி மூன்று.

“அடடே! பக்தி பொங்குது லா!” அந்தோனி சிரித்தான். “அதுக்கு வால்லயாம்மா கட்டுவே? நடுவுல கட்டியிருந்தா மாதாவும் பறந்திருப்பாங்க, நாங்களும் வேகாம இருந்திருப்போம்.”

அல்போன்சம்மாள் சிரிக்கவில்லை. குனிந்து முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக நூலோடு பழகிய கண். ஏழு சுற்று, நாலு முடிச்சு, ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டது. வாலில் இதைவிட நுனி கிடையாது.

“இது அவிழக் கூடாதுன்னு போட்ட முடிச்சு” என்றாள்.

உர்சுலா கோப்பியைக் கீழே வைத்தாள்.

“பறக்கக் கூடாதுன்னு போட்ட முடிச்சும்மா. மெடலைக் கட்டினா நீங்க ரெண்டு பேரும் கழட்ட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.”

அந்தோனிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. “என்ன பேச்சுடி இது? உங்கப்பா நேர்ந்தது! செத்துப்போன மனுஷன் வாக்கு! உனக்குப் பைத்தியமா?”

“அந்தோனி,” என்றாள் அல்போன்சம்மாள், “நீ போய்ப் பேட்டரியை சார்ஜ்ல போடு.”

“அண்ணி, இவளை...”

“போய்ப் போடு.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே மேடைக்குப் பின்னால் போனான். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

*

மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்த சுவரோரம் இருவரும் நின்றார்கள். உட்கார இருவருக்கும் தோன்றவில்லை.

“அந்த நேர்ச்சை என் முழங்காலுக்கு இல்லம்மா.”

“பின்ன?”

“பாலகிருஷ்ணனுக்கு.”

நம் வாசகர்களுக்கு அவனைத் தெரியும். கேலாங்கில் வீடு, உர்சுலாவுக்கு இரண்டு மேசை தள்ளி வேலை, மதிய நேரத்தில் ஒரே சாப்பாட்டுக் கடை. அல்போன்சம்மாளுக்கு மட்டும்தான் அந்தப் பெயர் புதிது.

“அடக்கத்தன்னிக்கு மழையில உங்களுக்குக் குடை பிடிச்சாரே, அவர்தான்.”

அல்போன்சம்மாள் நினைத்துப் பார்த்தாள். குடையின் மரக் கைப்பிடி ஞாபகம் இருந்தது. அதைப் பிடித்திருந்த முகம் ஞாபகம் இல்லை.

“இந்துப் பையனா?”

“ஆமா. அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. கத்துவார்னு நெனச்சேன். கத்தலம்மா. அழுதார். பஸ் ஸ்டாப்புல, எல்லாரும் பார்க்க உட்கார்ந்து அழுதார். நீ அவனை விட்டுட்டா மாதா தலையில வானத்துலேருந்து பூப் போடறேன்னு நேர்ந்திருக்கேன்னு சொன்னார். அவர் அழுததைப் பார்த்து என்னால தாங்க முடியல. ஈஸ்டருக்கு முன்னாடி, விட்டுட்டேம்பான்னு சொல்லிட்டேன்.”

“விட்டியா?”

“விடல.”

மேடைக்குப் பின்னால் ஏதோ கீழே விழுந்தது. அந்தோனி கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

“நான் சொன்ன அன்னிக்கே அந்த மாலுமிக்கு லெட்டர் எழுதினார். ஹெலிகாப்டர் வந்து பன்னிரண்டாவது நாள் போய்ட்டார். நான் சொன்னது நிஜம்னு நம்பிட்டே போய்ட்டார்மா.” உர்சுலாவின் குரல் உடைந்தது. “இப்ப நீங்க அதைப் பறக்கவிட்டா, கேட்டது கிடைச்சுதுன்னு மாதா முன்னாடி சொல்ற மாதிரி. அவர்கிட்ட சொன்ன பொய் போதும்மா. அங்கேயும் போய்ச் சொல்ல வேணாம்.”

அல்போன்சம்மாள் கோபம் வரும் என்று காத்திருந்தாள். அது வருவதற்கு வேண்டிய நேரம் கொடுத்தாள். வரவில்லை. மகளுடைய மூக்கு நுனி சிவந்திருப்பதைப் பார்த்தாள். கோப்பி ஆறிவிடும் என்று நினைத்தாள்.

ஹெலிகாப்டரைத் தூக்கி வாலை வாயருகே கொண்டுபோய், நூலைப் பல்லால் கடித்தாள். நான்கு முடிச்சும் ஒன்றன் பின் ஒன்றாக விட்டன.

“இந்தா, பிடி” என்று மெடலை மகள் கையில் கொடுத்தாள்.

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது.

*

இயேசுதாசன் சொன்ன நேரத்துக்குச் சரியாக வருகிற மனிதர். பங்குப் பேரவைச் செயலாளர், மூத்தோர் பேட்மின்டன் குழுவுக்கும் அவர்தான் தலைவர். கையில் ஒரு கோப்பு, சட்டைப் பையில் மூன்று பேனா.

“ஸ்தோத்திரம் அல்போன்சம்மா. ஆரம்பிக்கலாமா? எனக்கு ஒரு மணிக்கு ஞானஸ்நான விருந்து இருக்கு.”

ஏன் இன்னும் ஓட்டப் போகிறோம் என்று அல்போன்சம்மாள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பன்னிரண்டு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. இரண்டாவது பேட்டரியை மாட்டினாள். கட்டத்தின் நடுவில் வைத்து, ஆறு அடி பின்னால் போய் நின்றாள்.

“உர்சுலா, தள்ளி நில்லு. இறக்கை படும்.”

மெடல் போன பிறகு ஹெலிகாப்டருக்கு வேறு குணம் வந்துவிட்டது. நூல் பிடித்த மாதிரி நேராக எழுந்தது. காலையெல்லாம் முன்னால் தள்ளிப் பழகிய விரல் கொஞ்சம் கூடுதலாகத் தள்ள, ஒரு சாண் முன்னே போனது. விரலைத் தளர்த்தினாள். நின்றது. முழங்கால் உயரத்தில், தேனடை கலைந்த மாதிரி இரைந்துகொண்டு நின்றது.

“பத்து!” அந்தோனி கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினான். அண்ணன் மகள் செய்த காரியத்தை அந்த நேரத்துக்கு மறந்துவிட்டான்.

“இருபது!”

இயேசுதாசன் கோப்பை அக்குளில் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தார். “பரவாயில்லையே!”

“முப்பது!”

அப்போதுதான் அது வந்தது. பாலகிருஷ்ணன் இல்லை, பொய் இல்லை. பஸ் ஸ்டாப். அற்புதராஜ் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அன்றைக்கும் வீட்டுக்கு வந்திருப்பார், சப்பாத்தைக் கழற்றியிருப்பார், இவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டிருப்பார். எந்த நாள் அது? அன்றைக்கு என்ன குழம்பு? இருபத்தைந்து வருடம் பக்கத்தில் இருந்தவள் அவர் அழுத முகத்தைப் பார்த்ததே இல்லை. இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வலது கட்டைவிரல் நடுங்கியது.

ஹெலிகாப்டர் இடப்பக்கம் சாய்ந்தது. அவள் வலப்பக்கம் தள்ளினாள், ஒரு முழம். அது பாய்ந்தது. இடப்பக்கம் தள்ளினாள், இரண்டு முழம். ஏழு வாரத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத தவறு.

“நாற்பத்தஞ்சு! அண்ணி, கோடு! கோடு!”

இறக்கை அவள் முழங்காலுக்கு ஒரு கை தூரத்தில் காற்றை வெட்டிக்கொண்டு போனது. உர்சுலா “அம்மா!” என்று அலறினாள்.

“ஒண்ணும் பண்ணாதீங்க அண்ணி! விரலை எடுங்க! சும்மா இருங்க!”

சுவருக்குப் போகட்டும் என்று விட்டுவிடலாம். கடைசி இரண்டு இறக்கை; மாற்று இல்லை. நேர்ச்சையும் முடிந்துவிடும், பொய்யும் முடிந்துவிடும், எட்டு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். அது எவ்வளவு சுலபம் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வலது விரலைக் குச்சியிலிருந்து எடுத்தாள். இயந்திரம் தொட்டில் போல ஒரு ஆட்டம் ஆடியது, இரண்டாவது ஆட்டம் சின்னதாக ஆடியது. மூன்றாவதற்கு முன் அரிசி மணி அளவுக்குத் தொட்டாள்.

“ஐம்பத்தெட்டு... ஐம்பத்தொன்பது... அறுபது! போதும், இறக்குங்க!”

இறக்கினாள். மூன்று பந்து கட்டத்துக்குள். நான்காவது பந்து வெள்ளைக் கோட்டின் மேல்.

அந்தோனி தரையில் மண்டியிட்டான். “உள்ளே.”

“எங்கே உள்ளே? கோட்டு மேலல்ல இருக்கு” என்றார் இயேசுதாசன்.

“கோட்டு மேலன்னா உள்ளேதானே!”

இயேசுதாசன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பந்தை நீண்ட நேரம் பார்த்தார். “உள்ளேதான் லா. இதே ஹால்ல பத்து வருஷமா இதுக்குத்தான் நான் சண்டை போட்டுட்டு வரேன். இன்னிக்கு மாத்திச் சொன்னா என் டீம்ல ஒருத்தனும் என்னை மதிக்க மாட்டான்.”

அந்தோனி துள்ளிக் குதித்தான். உர்சுலா குதிக்கவில்லை. மெடல் அவள் உள்ளங்கையில் வட்டமாக அச்சுப் பதித்திருந்தது.

*

இயேசுதாசன் கோப்பைத் திறந்து ஒரு வெள்ளைச் சீட்டை நீட்டினார்.

“இது நன்றிச் சீட்டு. பூசையில ஃபாதர் வாசிப்பார். பேரு, கிளைச்சபை எல்லாம் நான் எழுதிக்கிறேன். நீங்க ‘பெற்ற வரம்’னு இருக்கிற கோட்டுல மட்டும் எழுதுங்க.”

அல்போன்சம்மாள் சீட்டையும் பேனாவையும் வாங்கிக்கொண்டாள்.

“எழுதாம விடலாமா?”

“அதெப்படி? என்ன கிடைச்சுதுன்னு சொல்லாம எதுக்குப் பூப் போடறது?”

“கிடைக்கலேன்னா?”

“என்ன?”

“கேட்டது இன்னும் கிடைக்கலேன்னா. முன்னாடியே நேர்ச்சையைச் செலுத்தலாமா?”

இயேசுதாசன் இருபது வருடப் பேரவை அனுபவத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. உர்சுலாவைப் பார்த்தார், அந்தோனியைப் பார்த்தார். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

“அது... மன்றாட்டுல சேரும். அதுக்குச் சீட்டு மஞ்சக் கலர்.”

“அதுல ஒண்ணு குடுங்க.”

உர்சுலா தாயின் அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அம்மா, நான் அவரை விடப் போறதில்ல. அதை எழுதாதீங்க.”

“உன்கிட்ட நான் எதுவும் கேக்கல.”

மஞ்சள் சீட்டில் ஒரே ஒரு வரி அச்சாகியிருந்தது. ‘வேண்டும் வரம்’. அதற்குக் கீழே வெறும் கோடு. அல்போன்சம்மாள் பேனாவை அதன் மேல் வைத்தாள். பதினான்கு வாரமாக அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சோறு வேண்டியிருக்கவில்லை, தூக்கம் வேண்டியிருக்கவில்லை. இப்போது ஏதோ ஒன்று வேண்டும் போலிருந்தது. அது அற்புதராஜ் கேட்டதுதானா, அதற்கு நேர் எதிரா, இரண்டும் இல்லாத வேறொன்றா என்று தெரியவில்லை.

பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். “எப்பக் குடுக்கணும்?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள.”

“குடுத்துடறேன்.”

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து போனது. அல்போன்சம்மாள் சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“உர்சுலா.”

“ம்.”

“புதன்கிழமை சாயங்காலம் பாலகிருஷ்ணனை வீட்டுக்கு வரச் சொல்லு.”

“அண்ணி!” என்றான் அந்தோனி.

“எழுதறதுக்கு முன்னாடி நான் அந்த ஆளைப் பார்க்கணும்.”

கோபமா, கனிவா என்று அந்தக் குரலை வைத்து உர்சுலாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அல்போன்சம்மாளுக்கே அது தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் புதன்கிழமைவரை அவளும் காத்திருக்க வேண்டும்.